தந்தையின் வாயில் வளரும் மீன்: கெலிசாவின் வாழிடமும் இனப்பெருக்கமும்



'கெலிசா' என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? பலருக்குப் பெரோடுவா நிறுவனத்தின் சின்னஞ்சிறு கார்தான் நினைவுக்கு வரும். 2001 முதல் 2007 வரை தயாரான அந்தக் கார்களை இன்றும் நம் சாலைகளில் காணலாம். அந்தக் காருக்குப் பெயர் கொடுத்தது ஒரு மீன். உலகம் 'ஆசிய அரோவானா' என்று அழைக்கும் மீனின் மலாய்ப் பெயரே கெலிசா.

இந்த மீனை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். உணவகங்களிலும் கடைகளிலும் பெரிய கண்ணாடித் தொட்டியில், பொன்னிறமாகவோ செந்நிறமாகவோ, மேல்மட்டத்தில் மெதுவாக நீந்திக்கொண்டிருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் உள்ள பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்படுகிறது. ஆனால், இதே மீன் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழியும் அபாயத்தில் உள்ள இனம்' என்ற பிரிவில் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தொட்டிகளில் இவ்வளவு எளிதாகக் கண்ணில் படும் மீன், தன் சொந்த ஆற்றில் ஏன் அரிதாகிப்போனது? காட்டை அழித்தோம், ஆற்றைக் கெடுத்தோம், அதிகமாகப் பிடித்தோம் என்று உடனே பதில் சொல்லலாம். அவை உண்மைதான். ஆனால், அதே ஆறுகளில் வாழும் வேறு பல மீன்கள் இந்த அளவுக்குக் குறையவில்லையே! முழு விடை கெலிசாவின் இனப்பெருக்க முறையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அதன் வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம்.

யார் இந்தக் கெலிசா?

கெலிசாவின் அறிவியல் பெயர் ஸ்கிளிரோபேஜஸ் ஃபார்மோசஸ். இது 'எலும்பு நாக்கு மீன்கள்' என்னும் பழமையான குடும்பத்தைச் சேர்ந்தது. நாக்கு எலும்பாலானது, அதன்மேல் பற்களும் உண்டு. இரையைப் பிடித்ததும், வாயின் மேற்பகுதிப் பற்களுக்கும் நாக்கின் பற்களுக்கும் இடையே வைத்து இறுக்கிக்கொள்ளும். இதன் உறவு மீன்கள் அமேசான் ஆற்றிலும், ஆப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், நியூ கினியிலும் வாழ்கின்றன.

கெலிசாவோ தென்கிழக்கு ஆசியாவின் மண்ணுக்குரிய மீன். தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய இடங்களின் ஆறுகளும் சதுப்புகளும் இதன் பூர்வீகம். இடத்துக்கு இடம் நிறம் மாறும். மேற்குக் கலிமந்தானில் உள்ள கப்புவாஸ் ஆற்றுப் படுகையின் மீன்கள் சிவப்பு நிறத்துக்குப் பெயர்பெற்றவை. நம் பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா வட்டார மீன்கள் தங்க நிறத்துக்குப் பெயர்பெற்றவை. பச்சை நிற வகைதான் மிகப் பரந்த பகுதியில் காணப்படுவது.

நன்கு வளர்ந்த கெலிசா 90 சென்டிமீட்டர் வரை நீளும். பெரிய, மின்னும் செதில்கள். கீழ்த்தாடை நுனியில் மீசை போன்ற இரண்டு உணரிகள். இந்தத் தோற்றத்தைக் கண்டுதான் சீன மக்கள் இதை 'டிராகன் மீன்' என்று அழைத்து, நல்வாய்ப்பின் அடையாளமாகக் கருதுகிறார்கள்.

தேநீர் நிற நீரில் ஒரு வீடு

ஆறு என்றதும் கற்களின்மேல் துள்ளி ஓடும் தெளிந்த நீரைக் கற்பனை செய்கிறீர்களா? அது கெலிசாவின் வீடாக இருக்காது. கெலிசாவுக்குப் பிடித்தது மெதுவாக ஓடும் நீர். அடர்ந்த மரங்கள் இருபுறமும் கவிந்து நிற்கும் சிற்றாறுகள், வெள்ளம் தேங்கும் காடுகள், பீட் மண் சதுப்புகள், ஆற்றோடு இணைந்த ஏரிகள் ஆகியவற்றில் அது வாழ்கிறது.

இத்தகைய இடங்களில் நீர் பெரும்பாலும் பால் கலக்காத தேநீரைப் போல் பழுப்பாக இருக்கும். இதைக் 'கருநீர்' என்பார்கள். அது அழுக்கு நீர் என்று நினைத்துவிடாதீர்கள். காட்டிலிருந்து விழும் இலைகளும் கிளைகளும் நீரில் ஊறி மெல்ல மக்கும்போது, அவற்றிலிருந்து டானின் முதலிய அமிலத்தன்மை கொண்ட பொருள்கள் கரைந்து வெளிவருகின்றன. தேயிலையைச் சுடுநீரில் ஊறவைத்தால் நிறம் இறங்குவதுபோலத்தான் இதுவும்.

இந்த நீரின் பி.எச். அளவு நடுநிலையான 7-க்குக் கீழே இருக்கும். பீட் சதுப்புகளில் 5-க்கும் கீழே இறங்குவது உண்டு. பி.எச். அளவில் ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆக, பி.எச். 5 உள்ள நீர், பி.எச். 7 உள்ள நீரைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

கருநீரில் வாழ்வது எளிதன்று. நீரில் கனிமங்கள் குறைவு. ஒளி ஆழத்துக்குச் செல்வதில்லை. நீர்த்தாவரங்களும் பாசிகளும் செழிப்பதில்லை. அடியில் மக்கும் இலைக்குவியலில் உள்ள நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைப் பயன்படுத்திவிடுவதால், அடிமட்டத்தில் உயிர்வளி குறைந்துவிடும். நீருக்குள் உணவு குறைவு என்றால், கெலிசா எதைத் தின்று வாழ்கிறது?

காடுதான் சமையலறை

விடை, நீருக்கு மேலே இருக்கிறது. கரையோர மரங்களிலிருந்து வண்டுகளும் வெட்டுக்கிளிகளும் சிலந்திகளும் நீரில் விழுகின்றன. கெலிசாவின் முக்கிய உணவுகளில் அவையும் அடங்கும். சிறு மீன்களையும் தவளைகளையும்கூட அது விடுவதில்லை.

இப்போது கெலிசாவின் உடலமைப்பைச் சற்று உற்றுநோக்குங்கள். ஒவ்வொரு பகுதியும் அதன் வாழிடத்துக்கு ஏற்றபடி அமைந்திருப்பதைக் காண்பீர்கள்.

வாய் மேல்நோக்கித் திறக்கிறது. ஆகவே, நீரின் மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியைக் கீழிருந்து கவ்வ முடிகிறது. முதுகு ஏறக்குறைய நேர்கோடாக, தட்டையாக இருக்கிறது; ஆகவே, மேற்பரப்பை ஒட்டியே நீந்த முடிகிறது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் உடலின் பின்பகுதியில், வால் அருகே அமைந்துள்ளன. மூன்று துடுப்புகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் நீரைத் தள்ளும்போது பெரும் உந்துவிசை கிடைக்கிறது. அந்த விசையால் கெலிசா நீரைவிட்டு மேலே பாய்ந்து, தாழ்ந்த கிளையில் இருக்கும் பூச்சியையும் பிடித்துவிடும். வீட்டில் அரோவானா வளர்ப்பவர்கள் தொட்டியைக் கனமான மூடியால் மூடிவைப்பது இதனால்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. கெலிசாவின் வாழிடம் ஆறு மட்டும் அன்று. கரையில் நிற்கும் மரங்களும் அதன் வாழிடமே. நிழல் தருவதும், நீருக்கு நிறம் தருவதும், உணவைத் தூவுவதும், குஞ்சுகள் ஒளிந்துகொள்ள வேர்களைத் தருவதும் அந்த மரங்கள்தாம். ஆற்றில் ஒரு மீனைக்கூடப் பிடிக்காமல், கரையோர மரங்களை மட்டும் வெட்டினாலும் கெலிசாவின் சமையலறை மூடப்பட்டுவிடும்.

முட்டை முதல் குஞ்சு வரை

தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் விலங்குகளின் 'நீடுநிலவல்' பற்றிப் படித்தது நினைவிருக்கிறதா? தன் இனம் அழியாமல் தொடர்ந்து நிலைத்திருக்க, விலங்குகள் இரு வழிகளைக் கையாள்கின்றன என்று அங்கே படித்தீர்கள். ஒன்று, நிறைய முட்டைகள் இடுவது. மற்றொன்று, முட்டைகளையும் குஞ்சுகளையும் பாதுகாப்பது. கெலிசா இரண்டாம் வழியை ஏறக்குறைய அதன் எல்லைவரை கொண்டுசென்ற மீன்.

முதல் கட்டம்: இணை சேர்தல். கெலிசா இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். ஆண், பெண் வேறுபாட்டைக் கண்ணால் கண்டறிவது கடினம். ஆணின் வாய் சற்றுப் பெரிதாகவும் ஆழமாகவும் இருக்கும். அதன் காரணம் சிறிது நேரத்தில் உங்களுக்கே விளங்கும். இணையும் மீன்கள் உடனே முட்டையிடுவதில்லை. வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், ஒன்றையொன்று சுற்றிச்சுற்றியும் அருகருகேயும் நீந்திப் பழகுகின்றன.

இரண்டாம் கட்டம்: முட்டையிடுதல். பெண் கெலிசா ஒரு முறைக்கு 30 முதல் 100 வரையிலான முட்டைகளை இடுகிறது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் இருக்கும் ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. உங்கள் பையில் 10 சென் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கெலிசா முட்டையின் அகலம் ஏறக்குறைய அதுதான்! பல மீன்களின் முட்டை 1 மில்லிமீட்டர் அளவே இருக்கும். விட்டம் 19 மடங்கு என்றால் கன அளவு 19 × 19 × 19, அதாவது 6,859 மடங்கு. ஒரு கெலிசா முட்டைக்குள் அவ்வளவு உணவு சேமிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாம் கட்டம்: தந்தையின் பொறுப்பு. பெண் முட்டையிட்டதும், ஆண் அவற்றின்மீது விந்தணுவை வெளியிட்டுக் கருவுறச் செய்கிறது. மீன்கள் பலவற்றில் பெற்றோரின் வேலை இத்துடன் முடிந்துவிடும். கெலிசாவில் இங்கேதான் தொடங்குகிறது. கருவுற்ற முட்டைகளை ஆண் மீன் ஒன்றுவிடாமல் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்கிறது. ஆணின் வாய் ஏன் பெரிது என்று இப்போது புரிகிறதல்லவா?

நான்காம் கட்டம்: வாய்க்குள் வளர்ச்சி. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டைகள் பொரிகின்றன. ஆனால், குஞ்சுகள் வெளியே வருவதில்லை. ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் பெரிய ஆரஞ்சு நிறப் பை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மஞ்சள்கருப் பை. பிறக்கும்போதே கட்டிக்கொடுக்கப்பட்ட சோற்றுமூட்டை அது! அந்த உணவு தீரும்வரை குஞ்சு தந்தையின் வாய்க்குள்ளேயே இருக்கும். தந்தை சுவாசிப்பதற்காக வாய்வழியே இழுக்கும் நீர், குஞ்சுகளைத் தழுவிக்கொண்டு செவுள் வழியாக வெளியேறுகிறது. அதனால் குஞ்சுகளுக்கும் புதிய உயிர்வளி தொடர்ந்து கிடைக்கிறது.

ஐந்தாம் கட்டம்: விடைபெறுதல். முட்டையிட்ட நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் மஞ்சள்கருப் பை முழுவதும் உடலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும. அப்போது குஞ்சு ஏறக்குறைய உங்கள் விரல் நீளம் இருக்கும். தானே நீந்தவும், தானே இரை பிடிக்கவும் தெரிந்த முழுமையான சிறு மீனாக அது வெளியே வருகிறது.

இந்த இரண்டு மாதங்களும் தந்தை மீன் ஏறக்குறைய பட்டினி கிடக்கிறது. வாய் நிறையக் குஞ்சுகள் இருக்கும்போது எப்படிச் சாப்பிட முடியும்?

ஏன் இத்தனை பாடு?

கெலிசாவின் வாழிடத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அடியில் மக்கும் இலைகள், உயிர்வளி குறைவு. அங்கே முட்டையிட்டால் கரு மூச்சுத் திணறலாம். முட்டை பெரிதாக இருக்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடும். சுற்றிலும் தோமான், ஹாருவான் போன்ற பசித்த மீன்கள். 10 சென் நாணயம் அளவுள்ள சிவந்த முட்டை அவற்றின் கண்ணில் படாமல் இருக்குமா? தந்தையின் வாய்க்குள் இந்த இரண்டு ஆபத்துகளும் இல்லை. உயிர்வளியும் கிடைக்கிறது, பாதுகாப்பும் கிடைக்கிறது. தந்தை எங்கே நீந்தினாலும் தொட்டிலும் கூடவே செல்கிறது.

ஆனால், ஒரு வாயில் எத்தனை முட்டைகளை வைக்க முடியும்? இடம் குறைவு, எனவே எண்ணிக்கையும் குறைவு. இயற்கையில் எந்தப் பயனும் விலையில்லாமல் கிடைப்பதில்லை.

அப்படியானால், முட்டைகளை வாயில் காக்கும் மீன்கள் எல்லாமே அரிதானவையா? இல்லை. உங்கள் வீட்டுச் சமையலறைக்கு வரும் திலாப்பியாவும் முட்டைகளை வாயில் காக்கும் மீன்தான். அங்கே பொறுப்பு தாயுடையது. ஆனால், திலாப்பியா சில மாதங்களிலேயே முதிர்ச்சி அடைந்துவிடும். ஓர் ஆண்டில் பல முறை முட்டையிடும். முட்டைகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால்தான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் உலகின் வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்டது. கெலிசாவுக்கோ மூன்று சேர்ந்துகொண்டன: முதிர்ச்சி அடைய நீண்ட காலம், குறைந்த முட்டைகள், நீண்ட வளர்ப்புக் காலம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் நிலைமை விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

எண்களைக் கொண்டு இதைச் சோதிப்போம். கீழே உள்ளவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொள்ளும் எண்கள்.

ஒரு கெலிசா இணை ஆண்டுக்கு ஒரு முறை, 50 முட்டைகள் வீதம், 10 ஆண்டுகள் முட்டையிடுவதாக வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுவதும் 500 முட்டைகள். இன்னொரு பக்கம், ஜெலாவாட் போல் வெள்ளக் காலத்தில் ஏராளமான முட்டைகளை ஆற்றில் விட்டுச்செல்லும் மீன் ஒன்று. அது ஆண்டுக்கு 100,000 முட்டைகள் வீதம், 10 ஆண்டுகள் முட்டையிடுவதாகக் கொள்வோம். வாழ்நாள் முழுவதும் 1,000,000 முட்டைகள்.

ஓர் ஆற்றில் மீன்களின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்க, ஓர் இணையின் இடத்தை நிரப்ப இரண்டு குஞ்சுகள் பெரியவையாகி இனப்பெருக்கம் செய்தால் போதும். கெலிசாவுக்கு 250 முட்டைகளில் ஒன்று பிழைக்க வேண்டும். மற்ற மீனுக்கு 500,000 முட்டைகளில் ஒன்று பிழைத்தால் போதும். இதுவரை இரு வழிகளும் சமமாக வெற்றி பெறுகின்றன.

இப்போது அந்த ஆற்றில் ஒரு மனிதர் வலை வீசுகிறார். 50 குஞ்சுகள் வலையில் சிக்குகின்றன. முட்டைகளைத் தூவும் மீனுக்கு அது வாழ்நாள் உழைப்பில் 20,000-இல் ஒரு பங்கு. அந்த இழப்பை ஆறு உணரவே உணராது. கெலிசாவுக்கோ அது வாழ்நாள் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு! குஞ்சுகளோடு தந்தையும் பிடிபட்டால், இனி வரவேண்டிய எல்லா ஆண்டுகளின் குஞ்சுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

தந்தையின் வாய், ஆற்றில் உள்ள எதிரிகளிடமிருந்து குஞ்சுகளைக் காக்கும் கோட்டை. மனிதனுக்கோ அதுவே ஒரு வசதியான பை. ஒரு மீனைப் பிடித்தால் ஒரு குடும்பத்தையே எடுத்துவிடலாம். எந்தப் பழக்கம் கெலிசாவை நெடுங்காலம் காத்ததோ, அதே பழக்கம் வலைக்கு முன்னால் அதன் பலவீனமாகிவிட்டது.

உணவு மீன் அலங்கார மீனான கதை

ஒரு காலத்தில் கெலிசா சாதாரண உணவு மீனாகவே இருந்தது. பின்னர் அலங்கார மீன் வளர்ப்பு பெருகியதும் அதன் விலை ஏறியது. விலை ஏற ஏற, காட்டு ஆறுகளில் அதைத் தேடுவோரும் பெருகினர். முக்கியமாக, குஞ்சுகளைச் சுமக்கும் ஆண் மீன்கள் குறிவைக்கப்பட்டன.

அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்ஸ்' என்னும் அனைத்துலக உடன்பாடு 1975இல் நடைமுறைக்கு வந்தபோது, கெலிசா அதன் முதல் இணைப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களைக் காட்டிலிருந்து பிடித்து நாடுகளுக்கிடையே வணிகம் செய்யக்கூடாது. மலேசியாவில் இந்த உடன்பாட்டைச் செயல்படுத்த 2008ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

பதிவுபெற்ற பண்ணைகளில் பிறந்து வளர்ந்த மீன்களை மட்டும் விற்கலாம். அத்தகைய மீனின் உடலுக்குள் அரிசி மணி அளவிலான மைக்ரோசிப் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் உள்ள எண்ணும் மீனுடன் தரப்படும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். கடப்பிதழ் வைத்திருக்கும் மீன் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பண்ணைகளில் வளர்ப்பவர்கள் கெலிசாவின் இனப்பெருக்க முறையை நன்கு அறிந்தவர்கள். வாயில் குஞ்சுகளைச் சுமக்கும் ஆணைச் சில வாரங்களுக்குப் பிறகு மெதுவாகப் பிடித்து, வாயைத் திறந்து, குஞ்சுகளை எடுத்துத் தனித் தொட்டியில் வளர்க்கிறார்கள். தந்தை மீன் குளத்துக்குத் திரும்பி மீண்டும் உண்ணத் தொடங்கும். வேட்டையாடும் எதிரிகள் இல்லை, உணவுக்குக் குறைவில்லை. ஆகவே, குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. பண்ணையில் கெலிசா பெருகுவதன் இரகசியம் இதுதான்.

பண்ணையில் இருந்தால் போதாதா?

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்: "பண்ணையில்தான் இவ்வளவு மீன்கள் இருக்கின்றனவே! ஆற்றில் குறைந்தால் கொண்டுபோய் விட்டுவிட்டால் போயிற்று!"

நல்ல யோசனைபோல் தோன்றும். ஆனால், மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, பண்ணை மீன்கள் மனிதனுக்குப் பிடித்த நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வெவ்வேறு ஆறுகளின் வகைகள் கலந்தும் இருக்கலாம். அவற்றை ஆற்றில் விட்டால், அந்த ஆற்றுக்கே உரிய மரபணுக் கூறுகள் கலந்து மங்கிவிடும். இரண்டாவது, பண்ணையிலிருந்து நோய்க்கிருமிகளும் கூடவே ஆற்றுக்குச் செல்லக்கூடும். மூன்றாவதுதான் மிகப் பெரிய தடை: கரையில் மரங்கள் இல்லாத, சேறு கலங்கிய ஆற்றில் விட்டால் அந்த மீன் எதைத் தின்னும், எங்கே ஒளியும்?

ஆகவே, பண்ணைகள் நிறைய மீன்களைத் தரலாம். காட்டு மீன்களின்மீது விழும் நெருக்கடியைக் குறைக்கலாம். ஆனால், ஆற்றைக் காப்பாற்றும் பொறுப்பைப் பண்ணையிடம் ஒப்படைத்துவிட முடியாது.

நம் நாட்டில் இரண்டு இடங்கள்

பேராக்கின் கிரியான் வட்டாரத்தில், தைப்பிங்கிலிருந்து வெகு தொலைவில் இல்லாத இடத்தில் இருக்கிறது புக்கிட் மேரா ஏரி. இது இயற்கை ஏரி அன்று. கிரியான் சமவெளியின் நெல்வயல்களுக்கு நீர் வழங்க 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கட்டால் உருவானது. பாகான் செராய், பாரிட் புந்தார் பகுதிகளில் உறவினர்கள் இருந்தால், அந்த வயல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலேசியாவின் தங்க நிறக் கெலிசாவுக்குப் புகழ் சேர்த்த இடம் இந்த ஏரிதான். கூராவ் ஆறு இதற்கு நீரைக் கொண்டுவருகிறது. ஏரியில் என்ன நடக்கும் என்பது, அந்த ஆற்றின் மேற்பகுதியில் உள்ள காடும் நிலமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மேலே மரங்கள் வெட்டப்பட்டால், மழையில் கரையும் மண் கீழே வந்து ஏரியில் படியும்.

இரண்டாவது இடம் பகாங்கில் உள்ள தாசெக் பெரா. சதுப்பும் ஏரியும் காடும் கலந்த இந்த நன்னீர்ப் பகுதியை, 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் தளமாக அறிவித்தார்கள். அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் தகுதி அது. செமெலாய் பூர்வகுடி மக்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். தேநீர் நிறத்தில் கருநீர் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க விரும்பினால், பள்ளிச் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அரோவானா வளர்க்கும் ஆசை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், மைக்ரோசிப் எண்ணும் சான்றிதழும் இருக்கின்றனவா என்று கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லாத மலிவான மீன், ஏதோ ஓர் ஆற்றில் ஒரு தந்தையின் வாயிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும்.

வளர்த்துச் சலித்த மீன்களை ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். 'ஈக்கான் பண்டாராயா' என்று நாம் அழைக்கும் உறிஞ்சுவாய் மீன் தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்தது. இன்று நம் ஆறுகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்குத் தொல்லை தருகிறது. இரக்கத்தால் ஒரு மீனை விடுவிப்பவர், அறியாமலே அங்குள்ள பல மீன்களின் வாழ்வைப் பறிக்கக்கூடும். சிங்கப்பூர் வாசகர்களே, அங்கே நீர்த்தேக்கங்களில் விலங்குகளை விடுவது சட்டப்படியும் குற்றம்.

கெலிசாவின் கதை நமக்குத் தரும் பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஓர் உயிரினத்திலிருந்து நாம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் முன், அது எவ்வளவு வேகமாகத் திருப்பித் தர முடியும் என்று கேட்க வேண்டும். ஒரே ஆற்றில் வாழும் இரண்டு மீன்களுக்கு அந்த விடை வெவ்வேறாக இருக்கும்.

செய்து பாருங்கள்: வீட்டிலேயே கருநீர்

தேவையானவை: இரண்டு கண்ணாடிப் புட்டிகள், மழைநீர், காய்ந்து விழுந்த கெத்தாப்பாங் (வாதுமை) இலை ஒன்று, பி.எச். தாள்.

1. இரண்டு புட்டிகளிலும் ஒரே அளவு மழைநீரை ஊற்றுங்கள்.
2. ஒன்றில் மட்டும், கழுவிய கெத்தாப்பாங் இலையைத் துண்டுகளாக்கிப் போடுங்கள். மற்றதில் எதுவும் போடவேண்டாம்.
3. இரண்டையும் இறுக மூடுங்கள். திறந்துவைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும்!
4. ஒரு வாரத்துக்கு நாள்தோறும் நிறத்தைக் குறித்துவாருங்கள். முதல் நாளும் ஏழாம் நாளும் பி.எச். அளவைச் சோதியுங்கள்.
5. இச்சோதனையில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை என்று எழுதுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. கெலிசாவின் வாய், முதுகு, துடுப்புகள் ஆகியவை அதன் வாழிடத்துக்கு எவ்வாறு ஏற்புடையவையாக உள்ளன?
2. திலாப்பியாவும் கெலிசாவும் முட்டைகளை வாயில் காக்கின்றன. ஆயினும், ஒன்று பெருகுகிறது, மற்றொன்று அருகுகிறது. ஏன்?
3. மேலே உள்ள கணக்கில் கெலிசா இணை 10 ஆண்டுகளுக்குப் பதிலாக 4 ஆண்டுகள் மட்டுமே முட்டையிட்டால், எத்தனை முட்டைகளில் ஒன்று பிழைக்க வேண்டும்?
4. கரையோர மரங்களை வெட்டிவிட்டு, "நாங்கள் ஆற்றைத் தொடவே இல்லை" என்று ஒருவர் சொல்கிறார். அவருக்கு நீங்கள் அளிக்கும் அறிவியல் விளக்கம் என்ன?

சொல் அறிவோம்

வாழிடம்: ஓர் உயிரினம் இயற்கையாக வாழ்ந்து, உண்டு, இனப்பெருக்கம் செய்யும் இடம்.
நீடுநிலவல்: ஓர் இனம் அழியாமல் தொடர்ந்து நிலைத்திருத்தல்.
கருநீர்: மக்கும் இலைகளிலிருந்து கரைந்த பொருள்களால் பழுப்பு நிறமும் அமிலத்தன்மையும் பெற்ற நீர்.
மஞ்சள்கருப் பை: பொரித்த குஞ்சு, தானே உண்ணத் தொடங்கும்வரை உணவு பெறும் பை.
செவுள்: மீன்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைப் பெறும் உறுப்பு.